பழைய வீட்டுத் தரையில் கை வைக்கும் முன்

கிராமத்தில் பழைய வீடு ஒன்று கைக்கு வந்ததும் முதலில் உறுத்துவது பெரும்பாலும் தரைதான். ஓரிடத்தில் வெடித்திருக்கும், ஓரிடத்தில் பள்ளம் விழுந்திருக்கும், சுவரோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். "எல்லாத்தையும் மூடி மேலே டைல்ஸ் ஒட்டிடலாம், நாலு நாள் வேலை" என்று யாராவது சொல்வார்கள். நானும் அந்தப் பேச்சைக் கேட்டேன். எங்கள் முன்னறையின் சிவப்புத் தரையில் ஒரு மூலை எப்போதும் ஈரமாகவே இருக்கும். அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டினோம். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் அந்த மூலையில் கால் வைத்தாலே, அடியில் காலியாக இருப்பது போல் பொள்ளல் சத்தம் வந்தது. அதைவிட மோசம், அதுவரை காய்ந்திருந்த சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறி, பூச்சு பொரிந்து கொட்டத் தொடங்கியது. டைல்ஸைப் பெயர்த்துப் போட்டுவிட்டு வெளியே போய்ப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பல வருடமாக மண் சேர்ந்து சேர்ந்து, வெளியே நிலம் உள்தரை மட்டத்துக்கே ஏறியிருந்தது. கூரைத் தண்ணீர் வேறு நேராக அந்தச் சுவரோரம் விழுந்துகொண்டிருந்தது.

அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி தரையைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றித்தான். முதல்முறை செய்பவர்கள் அவசரப்படுவதும் அங்கேதான்.

முதலில், இருப்பது என்ன தரை?

பழைய வீடுகளில் ஒரே தரை வீடு முழுக்க இருப்பது அபூர்வம். முன்னறையில் ஆக்சைடு என்ற நிறப்பொடி கலந்த சிமெண்ட் தரை, சமையலறையில் கல் பலகை, மாடியில் மரப்பலகை, பின்கட்டில் சுட்ட மண் தட்டோடு என்று கலந்திருக்கும். சில இடங்களில் பிறகு வந்தவர்கள் மேலே வினைல் விரிப்பு ஒட்டியிருப்பார்கள். அடியில் நல்ல தரை ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. வாசற்படியின் ஓரத்திலோ, அலமாரிக்கு அடியிலோ, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஓர் அங்குலம் பெயர்த்துப் பாருங்கள். எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் என்ன கனம் என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள்.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. பழைய வினைல் ஓடுகளிலும், அவற்றை ஒட்டப் பயன்பட்ட கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் நார் இருக்கலாம். ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள் என்றால் சந்தேகம் இன்னும் வலுவானது. அவற்றை உடைக்கவோ சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. ஆய்வகத்தில் ஒரு துண்டைச் சோதிக்கக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை அந்தப் பகுதியை அப்படியே விடுங்கள். பழைய மரத்தரையின் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டு பெயிண்ட்டில் ஈயம் 1978இல்தான் தடைசெய்யப்பட்டது. பல நாடுகளில் அதற்கும் பிந்தித்தான். உலர் தேய்ப்பில் கிளம்பும் ஈயத் தூசி குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். பெயிண்ட் பழையது என்றால் சோதிக்காமல் மெஷினை எடுக்க வேண்டாம்.

ஓதம் எங்கிருந்து வருகிறது?

எனக்குப் பாடம் சொல்லித்தந்தது இந்தக் கேள்விதான். தரையின் ஈரத்துக்கு மூன்று நான்கு வழிகள் உண்டு: அடிமண்ணிலிருந்து ஏறுவது, வெளியிலிருந்து சுவர் வழியாக வருவது, உடைந்த குழாய், அப்புறம் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த தரையில் வியர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் காசைப் போட்டால் அது தரைக்குள்ளேயே புதைந்துபோகும்.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் கனமான பிளாஸ்டிக் தாளை எடுத்து, தூசி இல்லாமல் துடைத்த தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நான் இரண்டு முழு நாள் விடுவேன். எடுத்துப் பார்க்கும்போது தாளுக்கு அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. தாளின் மேற்புறம் நனைந்து அடிப்புறம் காய்ந்திருந்தால் அது வியர்வை. ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதி தீரும். ஓர் இடத்தில் மட்டும் செய்து ஏமாந்துவிடாதீர்கள். அறையின் நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரம் ஒன்று, சந்தேகமான மூலையில் ஒன்று என்று வையுங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை.

பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை. வெளி நிலம் உள்தரை மட்டத்தைவிடக் குறைந்தது அரை அடி தாழ்ந்திருக்க வேண்டும். சுவரிலிருந்து விலக விலக வாட்டம் இறங்க வேண்டும். ஒரு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. கூரைத் தண்ணீர் சுவரடியில் கொட்டக் கூடாது. சுவரை ஒட்டிய செடிப் பாத்தி, தண்ணீர் தேங்கும் தொட்டி, சொட்டும் குழாய் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. எங்கள் வீட்டில் செய்தது இவ்வளவுதான்: மண்ணை வெட்டி இறக்கினோம், கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தள்ளி விட்டோம். ஆறு மாதத்தில் அந்த மூலை தானாகக் காய்ந்தது. அவ்வளவு நாள் காத்திருப்பது கஷ்டம்தான், ஆனால் காத்திருங்கள். ஓதம் அடங்காத தரையின் மேல் செய்யும் எந்த வேலையும் நிற்காது.

சுவரோரம் பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து, கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள்.

தட்டிப் பாருங்கள், மட்டம் பாருங்கள்

ஒரு சின்னக் கம்பின் முனையாலோ சுத்தியல் காம்பாலோ ஓர் அடிக்கு ஒரு தட்டு வீதம் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் 'டக்' என்று நறுக்கான சத்தம் வரும். அடிப்படுகை விட்டுப்போன இடத்தில் காலிப் பானையைத் தட்டியது போல் இருக்கும். பொள்ளலான இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். எல்லாம் முடிந்ததும் எழுந்து நின்று பார்த்தால் தரையின் நிலைமை ஒரே பார்வையில் புரிந்துவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டங்கள் என்றால் ஒட்டுப்போட்டு மீட்கலாம். பாதி அறைக்கு மேல் வட்டம் என்றால் பெயர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

மட்டம் பார்க்க, உள்ளே தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் டியூப் போதும், அதன் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். சுவரில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அறையைச் சுற்றி ஒரே மட்டத்தில் குறி வையுங்கள். அந்தக் குறியிலிருந்து தரைவரை பல இடங்களில் அளந்தால் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று எண்ணாகவே கிடைக்கும். பழைய வீட்டில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். நடக்கத் தொந்தரவு இல்லாவிட்டால், பழைய தரையை மீட்கும்போது அதை நேராக்க வேண்டிய அவசியமே இல்லை. புதிதாக டைல்ஸ் போடும்போதுதான் அது பிரச்சினை.

மரத்தரை என்றால், பலகைகளைத் தாங்கும் உத்திரக் கட்டைகளின் முனைகளை, அதாவது சுவருக்குள் நுழையும் இடங்களை, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும், உளுத்தது உள்வாங்கும். கரையான் புற்றுக் குழாய்கள் தெரிகின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உத்திரம் கெட்டிருந்தால் தரை வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அதற்கு ஆள் பார்க்க வேண்டும்.

மீட்பதா, மூடுவதா, பெயர்ப்பதா

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: மீட்க முடிந்ததை மீட்டுவிடுங்கள். பழைய ஆக்சைடு தரையும் தட்டோடும் அடிமண்ணின் ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விட்டுக்கொண்டே இருந்தவை. அதன் மேல் காற்றுப் புகாத ஒன்றைப் போட்டு மூடினால் ஈரம் போக்கிடம் இல்லாமல் சுவரில் ஏறும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். தவிர, பத்தாண்டுகளாகக் கால் பட்டு மெருகேறிய தரையைப் புதிதாக யாராலும் செய்துகொடுக்க முடியாது.

மூடுவதென்றால் உயரக் கணக்குப் போடுங்கள். பசை வைத்து ஒட்டும் டைல்ஸ் தரையைக் கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர் உயர்த்தும். கலவைப் படுகை போட்டு ஒட்டினால் ஐந்து சென்டிமீட்டர். கதவின் அடியை வெட்ட வேண்டிவரும். நிலைப்படி தாழ்ந்துவிடும். படிக்கட்டு இருந்தால் முதல் படி மட்டும் குட்டையாகி, இருட்டில் கால் இடறும். பாரத்தையும் மறக்கக் கூடாது. ஐந்து சென்டிமீட்டர் கலவை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ நூறு கிலோ. தரைத்தளத்தில் பரவாயில்லை. மரக்கட்டைகள் தாங்கும் மாடித்தளத்தில் இதைப் போடும் முன் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

பெயர்ப்பதென்றால் இதை நன்றாக மனதில் வையுங்கள். பழைய வீடுகளின் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், பல நேரம் ஆழமே இல்லாமல் இருக்கும். தரையைத் தோண்டிக்கொண்டே போய்ச் சுவரின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் சுவரே சரியலாம். ஒரு மூலையில் சின்னக் குழி போட்டு, கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று பார்த்த பிறகே தோண்டும் அளவை முடிவு செய்யுங்கள்.

ஆக்சைடு தரையை மீட்பது

இந்த வேலைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பொறுமை வேண்டும்.

முதலில் சுத்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் காரம் குறைந்த சோப்பு, மென்மையான பிரஷ். கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். ஆசிட் சிமெண்ட்டை அரித்து மேல்மெருகைத் தின்றுவிடும். சுண்ணாம்புக்கல், பளிங்கு என்றால் தொட்ட இடமெல்லாம் மங்கிப்போகும்.

அடுத்தது வெடிப்பு. மயிரிழை வெடிப்புகளை அப்படியே விட்டுவிடுவது என் வழக்கம். அவை தரையைக் கெடுப்பதில்லை, நிரப்பப் போனால்தான் அசிங்கமாகத் தெரியும். நகம் நுழையும் அளவுக்கு அகலமானவற்றை உளியால் கொஞ்சம் விரித்து, தூசியை முழுக்க எடுத்து, தண்ணீர் தெளித்து ஊறவைத்து, சிமெண்ட்டும் அதே நிற ஆக்சைடும் சேர்ந்த கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும்.

நிறம் பொருந்துவதில்தான் புதியவர்கள் தோற்கிறார்கள். ஈரக் கலவை கறுப்பாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். ஆகவே ஈரமாக இருக்கும்போது பார்த்து நிறத்தை முடிவு செய்யவே கூடாது. நான்கைந்து விகிதத்தில் கலந்து, ஓட்டுத் துண்டுகளில் பூசி, ஒவ்வொன்றின் பின்னாலும் விகிதத்தை எழுதி ஒரு வாரம் காயவிடுங்கள். அதற்குப் பிறகு தரையின் மேல் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆக்சைடு சிமெண்ட் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நிறம் ஏறாது, பலம்தான் குறையும். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். முழு வேலைக்கும் தேவையான உலர் கலவையை ஒரே தடவையில் கலந்து சலித்து வைத்துக்கொண்டால் ஒட்டுக்கு ஒட்டு நிறம் மாறாது.

பொள்ளலான இடத்தை வெட்டி எடுத்து ஒட்டுப்போடும்போது, உடைந்த வடிவத்திலேயே நிரப்பினால் தழும்பு மாதிரி தெரியும். தரையில் ஏற்கெனவே கோடு பிரித்த கட்டங்கள் இருந்தால் அந்தக் கட்டம் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கட்டமே இல்லையென்றால் நூல் பிடித்து நேர்க்கோட்டில் சதுரமாக வெட்டுங்கள். அடிப்படுகையைச் சிமெண்ட் ஒன்று, மணல் மூன்று அல்லது நான்கு என்ற கெட்டிக் கலவையில் போட்டு, மணியாசுக் கட்டையால் மட்டம் தட்டி, அது முழுக்க இறுகும் முன்பே மேலே நிறக் கலவையை மெல்லிசாக இழுத்து இரும்புக் கரண்டியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். படுகை காய்ந்த பிறகு மேல்பூச்சுப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பிடிக்காது, ஒரு வருடத்தில் தோல் உரிவது போல் உரியும். மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். வெயிலும் காற்றும் நேராக அடிக்கும் வாசல் பக்கத்தை மூடிவையுங்கள்.

கடைசியாக மெருகு. தண்ணீர் விட்டுக்கொண்டே சாணைக்கல்லால் 120, 220, 400 என்ற வரிசையில் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) தேய்க்கலாம். நல்ல நிலையில் உள்ள பழைய தரைக்கு 400 மட்டும் போதும். முழுக்கக் காய்ந்த பிறகு தரை மெழுகை மிக மெல்லிசாகத் தடவி, துணியால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். கெட்டியாகத் தடவினால் வழுக்கும், அழுக்கையும் பிடித்துவைக்கும். பிளாஸ்டிக் போல் படலம் கட்டும் சீலர்களை ஓதம் உள்ள தரையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். மூச்சு விட முடியாமல் அந்தப் படலமே வெளுத்து உரியும்.

மரத்தரை என்றால்

ஒரு சொட்டுத் தண்ணீரைத் தரையில் விட்டுப் பாருங்கள். முத்துப் போல் நின்றால் பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. லேசாகச் சொரசொரப்பாக்கி, மேலே ஒரு கோட் கொடுத்தால் போதும். ஆனால் அந்தத் தரையில் எப்போதாவது மெழுகு தடவியிருந்தால் புதுப் பூச்சு ஒட்டாது, மெழுகை எடுத்த பிறகுதான் வேலை. சொட்டு உடனே ஊறி மரம் கறுத்தால் முழுக்கத் தேய்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அதற்கும் முன், மரத்தில் இன்னும் எவ்வளவு கனம் பாக்கி என்று பார்க்க வேண்டும். நாக்கும் பள்ளமுமாகக் கோத்த பலகைகளில் நாக்குக்கு மேல் மூன்று மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தாலோ, ஆணித்தலைகள் வெளியே தெரிந்தாலோ, ஏற்கெனவே பலமுறை தேய்த்துவிட்டார்கள் என்று பொருள். முழுத் தேய்ப்பு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மரத்தைத் தின்னும். அப்படிப்பட்ட தரையைக் கையால் லேசாகச் சுத்தம் செய்து எண்ணெய் கொடுத்து வைத்துக்கொள்வதே நல்லது.

தேய்க்கும் முன் எல்லா ஆணிகளையும் மரத்துக்குள் இரண்டு மில்லிமீட்டர் இறக்கிவிடுங்கள். கிரீச்சிடும் பலகைகளை அடியில் உள்ள கட்டையோடு ஸ்க்ரூ போட்டு முறுக்குங்கள். வாடகைக்குக் கிடைக்கும் டிரம் மெஷின் வேகமானது, ஆனால் ஒரு நொடி நின்ற இடத்தில் நிறுத்தினால் பள்ளம் விழும். முதல்முறை செய்பவர்கள் வட்டமாகச் சுழன்று அதிரும் மெஷினை எடுங்கள். நேரம் கூடும், தவறு குறையும். உப்புத்தாளில் 40, 60, 80, 120 என்று ஏறுங்கள். அவசரத்தில் நடுவில் ஒன்றைத் தாண்டினால், முந்தைய தாளின் கீறல்கள் வார்னிஷ் போட்ட பிறகு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

பூச்சு பூசும்போது வாசலுக்கு எதிர் மூலையில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்வாங்குங்கள். ஆளி விதை எண்ணெய் பயன்படுத்தினால், துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவிக்காதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், குவித்த துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

டைல்ஸ்தான் என்று முடிவானால்

அடித்தரை காய்ந்ததாக, கெட்டியாக, மட்டமாக இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் நீள மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. பழைய தரையின் மெருகைக் கொத்திச் சொரசொரப்பாக்கினால்தான் பசை பிடிக்கும். சிமெண்ட்டையும் கல்லையும் கொத்தும்போதும் வெட்டும்போதும் கிளம்பும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு. தண்ணீர் விட்டு வெட்டுங்கள், நல்ல முகமூடி போடுங்கள், சாதாரணத் துணி போதாது.

பழைய அறைகளில் மூலை மட்டம் சரியாக இருப்பதில்லை. சுவரை நம்பி முதல் வரிசையை ஒட்டினால் எதிர்ச்சுவரில் ஆப்பு மாதிரி முடியும். அறையின் நடுவில் இரண்டு கோடு அடித்து, ஒன்றில் மூன்றடி, மற்றதில் நான்கடி குறித்து, குறுக்களவு ஐந்தடி வருகிறதா என்று பார்த்து நேராக்குங்கள். பசையில்லாமல் ஒரு வரிசை அடுக்கிப் பார்த்து, ஓரத்தில் அரை டைலுக்கும் குறைந்த கீற்று வந்தால் கோட்டை நகர்த்துங்கள். சுவரோரம் சுற்றிலும் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், ஓரப்பட்டி அதை மறைத்துவிடும். சூட்டில் விரியும் டைல்ஸுக்கு அந்த இடம் இல்லையென்றால் நடுவில் கூடாரம் போல் எழும்பும். கீழே இருக்கும் பெரிய வெடிப்பு மேலேயும் வரும். அதை முதலில் சரிசெய்யாமல் மூடினால் அதே கோட்டில் டைல்ஸ் கீறும்.

முழுக்கப் பெயர்த்துப் புதிதாகப் போடும்போது

கடைக்கால் ஆழம் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மண்ணை அரையடி அரையடியாக நிரப்பி, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். மேலே மண், தூசி இல்லாத பெரிய ஜல்லி ஒரு படுகை. கற்களுக்கு இடையிலான பெரிய இடைவெளி வழியாக ஈரத்தால் மேலே ஏற முடியாது. அதற்கும் மேல் கனமான பிளாஸ்டிக் விரித்து, ஒன்றன் மேல் ஒன்று ஓர் அடி ஏறும்படி மடித்து, நான்கு அங்குலக் கான்கிரீட் போடுவது இன்று பரவலான முறை. சிமெண்ட் பூச்சும் சுட்ட செங்கல்லும் உள்ள வீட்டுக்கு அது சரி. மண் சுவரோ சுண்ணாம்புச் சுவரோ உள்ள வீட்டில் பிளாஸ்டிக் தடுத்த ஈரம் சுவரைத் தேடிப் போகும். அங்கே ஜல்லிப் படுகையின் மேல் சுண்ணாம்புக் கான்கிரீட் போட்டு, தட்டோடோ கல்லோ பதிப்பதே பொருத்தம். சுண்ணாம்பு இறுக வாரக்கணக்கில் ஆகும், அதற்கும் தயாராக இருங்கள்.

எந்த முறையாக இருந்தாலும் ஓர் அறையை முடித்து, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். மீந்த டைல்ஸில் ஒரு பெட்டி, மீந்த ஆக்சைடில் ஒரு டப்பா, விகிதம் எழுதிய அந்த ஓட்டுத் துண்டு, முதல் நாள் வரைந்த தாள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஈரம் படாத பரணில் வையுங்கள். சிமெண்ட் கலந்த பொடியை மட்டும் வைக்காதீர்கள், சில மாதங்களில் கட்டி தட்டிவிடும்.